மழுங்கின கத்தி

தியானப் பகுதி: பிரசங்கி 10:10



இந்த மாதம் உங்களோடு ஒரு கத்தியைப் பற்றிப் பேசப் போகிறேன். யுத்தகளத்துப் பட்டயம் அல்ல. அடுப்படியில் வெங்காயம் நறுக்குகிற சாதாரணக் கத்தி. "என்ன பாஸ்டர், எழுப்புதல் பத்திரிகையில் காய்கறிக் கத்தியா?" என்று சிரிக்காதிருங்கள். அந்தக் கத்தியைக் கொண்டுதான் கர்த்தர் என்னை உடைத்தார். ஆகவே இதைப் பிரசங்கமாக அல்ல, சாட்சியாகவே எழுதுகிறேன்.

2019-ஆம் ஆண்டில் ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் சபை திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காட்டு ஓரத்தில் உள்ள சிறிய சபை. அன்றைக்கு உபவாச ஜெபம். ஜெபம் முடிந்து சாயங்காலம் அறுபது பேருக்குச் சாப்பாடு. என் மனைவியும் இரண்டு சகோதரிகளும் சமையலில் இருந்தார்கள். நானோ உள்ளறையில் பிரசங்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். எடுத்திருந்த பகுதி எபிரெயர் 4:12. தேவனுடைய வார்த்தை எந்தப் பட்டயத்தைக் காட்டிலும் கூர்மையானது என்பதைப் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தேன்.

அதற்கு இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே என் மனைவி சொன்னாள்: "ஏங்க, கத்தி மழுங்கிப் போச்சு. சாணைக்காரர் வந்தா கொஞ்சம் பிடிச்சுக் கொடுங்க." நான் "சரிம்மா" என்றேன். முன்பெல்லாம் சாணை பிடிக்கிறவர் சக்கரத்தைத் தோளில் சுமந்துகொண்டு தெருத்தெருவாக வருவார். இப்போது எங்கள் பக்கம் வருகிறதே அபூர்வம். நானும் மறந்துவிட்டேன். மூன்று தடவை கேட்டாள். நாலாம் தடவை கேட்கவில்லை. அதை நான் கவனிக்கவும் இல்லை.

அன்றைக்கு சாம்பாருக்கு ஒரு பெரிய மஞ்சள் பூசணிக்காய். தோல் கல்லு மாதிரி. கத்தி இறங்கவில்லை. என் மனைவி உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அமுக்கினாள். கூர் இல்லாத கத்தி தோலில் பிடிக்காமல் வழுக்கி, காயைப் பிடித்திருந்த இடது கையில் ஆள்காட்டி விரலின் அடியில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். விரலை மடக்குகிற நாண் அறுந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷன் செய்து சேர்த்தார்கள். ஆனாலும் இன்றுவரை அந்த விரல் முழுவதும் மடங்குகிறதில்லை.

இனி நான் எழுதப்போவது எனக்கு வெட்கமான காரியம். ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு சபை மூப்பருக்குப் போன் செய்தேன். "ஐயா, உபவாச நாளில் சத்துரு தாக்கிவிட்டான். எல்லாரையும் ஜெபிக்கச் சொல்லுங்கள்" என்றேன். படுத்திருந்த என் மனைவி அதைக் கேட்டாள். கோபப்படவில்லை. மெதுவாகச் சொன்னாள்: "பிசாசு இல்லங்க. கத்தி."

தேவபிள்ளையே, அந்த இரண்டு வார்த்தை என் மூன்று பக்கப் பிரசங்கத்தைவிடக் கூர்மையாக இருந்தது. சத்துரு இருக்கிறான், உண்மைதான். ஆனால் நான் செய்யாமல் விட்ட வேலையைத் தூக்கி அவன் தலையில் போட்டால், நான் மனந்திரும்புவது எப்போது? கத்தியும் திருந்தாது, நானும் திருந்தமாட்டேன்.

மூன்றாம் நாள் எங்கள் சபையில் ஒரு பெரியவர் விசாரிக்க வந்தார். பனையேறியாக நாற்பது வருஷம் உழைத்தவர். எல்லாரும் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம். ஜெபம் பண்ணிவிட்டு, "அந்தக் கத்திய எடுத்துட்டு வாங்கய்யா" என்றார். வாங்கி, வெளிச்சத்துக்கு நேராகக் கூரை மேலே திருப்பிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "நீங்களும் பாருங்க. என்ன தெரியுது?" என்று கேட்டார். கூரின் நெடுக ஒரு வெள்ளிக் கோடு மினுங்கியது. "நல்லா பளபளன்னு இருக்கே தாத்தா" என்றேன். அவர் சிரித்தார். "பளபளங்கிற இடமெல்லாம் மழுங்கின இடம் பாஸ்டரய்யா. கூரா இருந்தா அந்த இடத்துல ஒண்ணுமே தெரியாது."

அல்லேலூயா! இது உண்மை. மழுங்கின விளிம்பு தட்டையாக இருக்கிறபடியால் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. கூரான விளிம்பு மிகவும் மெல்லியது. வெளிச்சம் அதில் நிற்க இடமில்லை. நான் பளபளத்துக்கொண்டிருந்தேன். மேடையில் நல்ல பேர், கூட்டங்களுக்கு அழைப்பு. என் வீட்டில் மூன்று தடவை கேட்ட குரல் மாத்திரம் என் காதில் ஏறவில்லை. நீங்கள் எந்த இடத்தில் அதிகமாக மினுங்குகிறீர்களோ, அந்த இடத்தை இன்றைக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

1. பெலனைக் கூட்டாதே, கூரைத் தீட்டு

பிரசங்கி 10:10-இல் ஞானி சொல்லுகிற காரியம் இதுவே: இரும்பு மழுங்கியிருக்க அதைத் தீட்டாமல் விட்டால், அதிக பெலத்தைச் செலவழிக்கவேண்டி வரும். பெலன் கூடினால் என்ன நடக்கும் என்பதை என் வீட்டில் கண்டேன். கூரான கத்தி காயின் தோலைத் தானே கவ்வி இறங்கும். கைக்கு வேலை கொஞ்சம். மழுங்கின கத்தி வழுக்கும். வழுக்குகிற கத்தியின் பின்னால் முழு உடம்பின் பாரமும் இருந்தால், அது எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கூரான கத்திதான் ஆபத்து என்று நினைக்கிறோம். அடுப்படியில் பழகினவர்களைக் கேளுங்கள், மழுங்கினதைத்தான் பயப்படுவார்கள்.

வீட்டில் சத்தம் போடுகிற தகப்பனைப் பாருங்கள். ஒரு வார்த்தை சொன்னால் போதுமான இடத்தில் பத்து வார்த்தை கத்துகிறார். ஜெபத்தில் கூர் போய்விட்டது. அதைச் சத்தத்தால் ஈடுகட்டப் பார்க்கிறார். அந்த பாரம் வழுக்கி யார்மேல் விழுகிறது? பக்கத்தில் நிற்கிறவர்கள்மேல். எப்போதும் பக்கத்தில் நிற்கிறவர்கள்மேல்.

2. தீப்பொறி வேறு, கூர் வேறு

நான் தாத்தாவிடம், "டவுனுக்குக் கொண்டுபோய் மிஷினில் பிடித்துவிடட்டுமா?" என்றேன். "வாய் உடைஞ்ச கத்திக்கு அது வேணும். இது மழுங்கினதுதான. இதுக்குக் கையும் கல்லும் போதும்" என்றார்.

பின்னால் இதைப் படித்துப் பார்த்தேன். வேகமாகச் சுற்றுகிற காய்ந்த சக்கரத்தில் கத்தியை அழுத்திப் பிடித்தால் மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறும். விளிம்பு நீலம் பாரித்தால் சூடு ஏறக்குறைய 300 டிகிரி செல்சியஸைத் தொட்டது என்று அர்த்தம். சாதாரணக் கத்திக்கு அந்தச் சூட்டில் பதம் இறங்கிவிடும். அந்த இடம் மென்மையாகி, தீட்டத் தீட்ட மறுபடியும் சீக்கிரமாக மழுங்கும். தொழில் தெரிந்தவர் அடிக்கடி தண்ணீரில் முக்கி, லேசாகத் தொட்டு எடுப்பார். அவசரக்காரர் கையில் பொறி பறக்கும், பதம் போகும்.

பிரியமானவர்களே, நான் எழுப்புதல் கூட்டங்களுக்கு விரோதமாகப் பேசுகிறேன் என்று எண்ணவேண்டாம். நான் இரட்சிக்கப்பட்டதே ஒரு கன்வென்ஷன் பந்தலில்தான். வாய் உடைந்த வாழ்க்கைக்குச் சக்கரம் வேண்டும். நான் உடைந்துதான் போயிருந்தேன். ஆனால் வருஷத்துக்கு மூன்று நாள் பொறி பறக்கத் தீட்டிக்கொண்டு, மற்ற நாளெல்லாம் கல்லைத் தொடாமல் இருந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு வருஷமும் இரும்பு தேயும், கூர் மாத்திரம் நிற்காது.

3. கல்லும் கையும்

தாத்தா கொண்டுவந்தது இரும்புக் கடையில் கிடைக்கிற சாதாரணத் தீட்டுக்கல். ஒரு பக்கம் கரடு, மறுபக்கம் நைஸ். இதைக் கார்போரண்டம் கல் என்பார்கள். 1890-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் என்பவர் மண்ணையும் கரியையும் மின்சாரத்தால் சூடாக்கி உண்டாக்கின சிலிக்கன் கார்பைடு அது. மணலும் கரியும் அக்கினிக்குள் போய், இரும்பைத் தீட்டுகிற கல்லாக வெளியே வருகிறது! இதிலேயே ஒரு செய்தி இருக்கிறது. அதை இன்னொரு மாதத்துக்கு வைத்துக்கொள்வோம்.

சகோதரிகளே, சகோதரர்களே, தாத்தா கற்றுக்கொடுத்த முறையை அப்படியே எழுதுகிறேன். வீட்டில் செய்து பாருங்கள்.

கல்லை நனைத்து, நகராதபடி ஈரத்துணியின்மேல் வையுங்கள். கத்தியைக் கல்லின்மேல் படுக்கவைத்து, முதுகை மாத்திரம் கொஞ்சம் தூக்குங்கள். கத்தியின் அகலம் 4 சென்டிமீட்டர் என்றால், முதுகு 1 சென்டிமீட்டர் உயர்ந்தால் போதும். அது ஏறக்குறைய 15 டிகிரிச் சரிவு. அடுப்படிக் கத்திக்கு ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 20 டிகிரி சரியாக இருக்கும். அடி முதல் நுனி வரை, ஒரே சரிவில், கல்லின் நீளத்துக்கு இழுங்கள். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன். ஆனால் நான் முதல் நாள் அரைமணி நேரம் இழுத்தும் கத்தி ஒரு தக்காளியைக்கூட அறுக்கவில்லை. தாத்தா பார்த்துவிட்டு, "ஏன்யா இப்படி அமுக்குதீங்க? கல்லு பாத்துக்கிடும். நீங்க சரிவ மட்டும் மாத்தாம பிடிங்க" என்றார். என் மகளின் ஸ்கெட்ச் பேனாவை வாங்கி, கூரின் நெடுக கறுப்பு மை பூசி, நான்கு தடவை இழுக்கச் சொன்னார். மை ஓரிடத்தில் அழிந்திருந்தது, ஓரிடத்தில் அப்படியே இருந்தது. சரிவு கொஞ்சம் அதிகமானபோது கூரையே கல்லில் மோதி மழுக்கியிருக்கிறேன். குறைந்தபோது கல் கூரைத் தொடவே இல்லை. அரைமணி நேர வேர்வை வீண்.

ஊழியக்காரரே, இது நமக்கு. ஒரு நாள் மூன்று மணி நேர ஜெபம், அடுத்த பத்து நாள் ஒன்றுமில்லை. ஒரு நாள் பிள்ளைகளிடம் கண்டிப்பு, மறுநாள் கண்டும் காணாமல். சரிவு மாறிக்கொண்டே இருந்தால், எவ்வளவு இழுத்தாலும் கூர் வராது. கொஞ்சம் என்றாலும் ஒரே நிலையில் நில்லுங்கள்.

ஒரு பக்கம் போதுமான அளவு தேய்ந்ததா என்று எப்படித் தெரியும்? மறுபக்கத்தில் விளிம்பின் நெடுக ஒரு மெல்லிய பிசிறு எழும்பும். முதுகிலிருந்து கூரை நோக்கிக் கட்டைவிரலை லேசாகத் தடவினால் உரசும். கூரின் நெடுக விரலை ஓட்டிவிடாதீர்கள், அறுத்துவிடும்! அடி முதல் நுனி வரை பிசிறு எழும்பினபின் கத்தியைத் திருப்பி மறுபக்கம் இழுக்கவேண்டும். பிறகு நைஸ் பக்கத்தில், வரவர லேசாக.

அந்தப் பிசிறு ஒரு வஞ்சனை. முதலில் அறுக்கும், "ஆகா, கூர் வந்துவிட்டது" என்று தோன்றும். இரண்டு வெங்காயத்துக்குள் மடங்கிவிடும். அதை எடுத்தால்தான் மெய்யான கூர். அந்தக் காலத்தில் நாவிதர்கள் சவரக்கத்தியைத் தோல்வாரில் பின்னோக்கி இழுத்துத் தீட்டினது இதற்காகவே. வீட்டில் பழைய பெல்ட்டின் உள்பக்கத்திலோ, மடித்த செய்தித்தாளிலோ, கூர் பின்னால் வரும்படி பத்து இழுப்பு இழுத்தால் போதும். புதிதாக அபிஷேகம் பெற்ற வாலிபரிடத்தில் இந்தப் பிசிறைக் கண்டிருக்கிறேன். வேகம் இருக்கும், எல்லாரையும் கீறும். அதை எடுக்கக் கரட்டுக்கல் உதவாது. பொறுமையாக, மெதுவான தோலில் இழுக்கிற ஒரு மூத்தவர் வேண்டும்.

4. தினந்தோறும் சீவுகிற பாளை

தாத்தா தம்முடைய தொழிலைச் சொல்லுவார். பனையில் பதநீர் இறக்குகிறவர் பாளையின் நுனியைக் காலையும் மாலையும் மெல்லிசாகச் சீவ வேண்டும். அரிவாள் மழுங்கினால் நுனி பிய்ந்துபோகும். பதநீர் சரியாக வடியாது. ஆகவே மரத்தடிக்குப் போகுமுன் தீட்டுப் பலகையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவி, பாளை அரிவாளைத் தீட்டிவிட்டுத்தான் ஏறுவார்களாம். "ஏறின பெறகு மரத்து உச்சியில உக்காந்து தீட்ட முடியுமாய்யா?" என்பார்.

மரப்பலகை இரும்பைவிட மென்மையானது. ஆனாலும் அதில் பதிந்த கல்பொடி இரும்பைத் தீட்டுகிறது. தீட்டின மரத்திலேயே கூர் பார்க்கிறான் என்று நம் ஊரில் சொல்லுவது, நம்மைக் கூராக்கினவரையே வெட்டுகிறவனைப் பார்த்துத்தான். என்னைத் தீட்டின பலகை யார்? மூன்று தடவை கேட்டு, அப்புறம் கேட்காமல் விட்டவள். நான் கூர் பார்த்ததும் அவள் கையில்தான்.

5. பெலிஸ்தனிடத்தில் போகவேண்டாம்

1 சாமுவேல் 13-ஆம் அதிகாரத்தின் முடிவை வாசியுங்கள். இஸ்ரவேல் தேசத்தில் ஒரு கொல்லனும் இல்லை. கலப்பைக் கொழுவையும் கோடரியையும் தீட்டவேண்டுமானால் சத்துருவாகிய பெலிஸ்தனிடத்துக்கே இறங்கிப் போகவேண்டும். அங்கே 21-ஆம் வசனத்தில் "பீம்" என்று ஒரு எபிரெயச் சொல் வருகிறது. பழைய மொழிபெயர்ப்பாளர்களுக்கு அதன் பொருள் விளங்காமல் அரம் என்று எழுதினார்கள். 20-ஆம் நூற்றாண்டில் பூமியைத் தோண்டினபோது அந்தச் சொல் பொறித்த சிறிய எடைக்கற்கள் கிடைத்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7.6 முதல் 7.8 கிராம். அதாவது அது தீட்டுகிறதற்குக் கொடுத்த கூலி, சேக்கலில் மூன்றில் இரண்டு பங்கு வெள்ளி. தன் கலப்பையைத் தீட்டச் சத்துருவுக்கு வெள்ளி நிறுத்துக் கொடுத்த ஜனம்! யுத்த நாள் வந்தபோது சவுலுக்கும் யோனத்தானுக்கும் தவிர ஒருவர் கையிலும் பட்டயம் இல்லை.

தீட்டுகிற வேலையை வீட்டைவிட்டு வெளியே கொடுத்துவிட்டால் முடிவு இதுதான். நம் பிள்ளைகளை இன்றைக்கு யார் தீட்டுகிறது? கையிலிருக்கிற போன் தீட்டுகிறது. கூலியும் வாங்கிக்கொள்ளுகிறது.

வேதாகமக் கல்லூரியில் டிப்ளமா படித்தபோது எங்கள் ஆசிரியர் ஒன்று சொன்னார். உபாகமம் 6:7-இல் பிள்ளைகளுக்கு வார்த்தையைப் போதிக்கும்படி சொல்லுகிற இடத்தில் வருகிற எபிரெய வினைச்சொல்லின் வேர் "ஷானன்". தீட்டுவது, கூராக்குவது என்று பொருள். உபாகமம் 32:41-இல் பட்டயத்தைத் தீட்டுகிறதற்கும் அதே வேர்தான். உட்காரும்போது, நடக்கும்போது, படுக்கும்போது, எழும்பும்போது என்று மோசே அடுக்குகிறதைப் பாருங்கள். கல்லில் இழுக்கிற இழுப்பு அல்லவா அது! ஒரே நாளில் அமுக்கி முடிக்கிற வேலை அல்ல. ஒரு எச்சரிப்பும் உண்டு: சங்கீதம் 64:3-இல் துன்மார்க்கர் நாவைத் தீட்டுகிறதற்கும் அதே சொல்தான் வருகிறது. கூர் இருந்தால் மட்டும் போதாது. அது யாருக்குச் சாப்பாடு ஆக்குகிறது, யாரைக் குத்துகிறது என்று கேட்கவேண்டும்.

தாத்தா 2021-இல் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அவருடைய கல் இப்போது என்னிடத்தில் இருக்கிறது. நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. எங்களையெல்லாம் தீட்டித் தீட்டித் தேய்ந்த கல்.

சனிக்கிழமை சாயங்காலம் பிரசங்கக் குறிப்பை எடுக்குமுன் முதலில் கத்தியைத்தான் எடுக்கிறேன். பத்து நிமிஷம். கருங்கல் மேடையிலும் எவர்சில்வர் தட்டிலும் வைத்து நறுக்கினால் கூர் சீக்கிரம் போகும் என்று மரப்பலகை ஒன்று வாங்கினேன். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது; பக்கத்தில் உட்கார்ந்து சரிவைப் பார்த்துச் சொல்லுவாள். தீட்டினபின் கழுவித் துடைத்து, பிடியை அவள் பக்கம் திருப்பி என் மனைவியிடத்தில் கொடுக்கிறேன். அவள் வாங்கும்போது அந்த ஒரு விரல் மாத்திரம் மடங்காமல் நீட்டிக்கொண்டு நிற்கும். "மன்னிச்சிரு" என்று அன்றைக்கே கேட்டேன், மன்னித்துவிட்டாள். விரல் மாத்திரம் என் கண்முன் இருக்கிறது. அது நல்லதுதான்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் யாராவது ஒரு காரியத்தை மூன்று தடவை கேட்டுவிட்டு, இப்போது கேட்கிறதை நிறுத்தியிருக்கிறார்களா? இந்தப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, எழுந்து போய் அது என்னவென்று கேளுங்கள். அதன்பின் ஜெபிக்கலாம்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, மேடையில் மினுங்கி வீட்டில் மழுங்கிப்போன என்னை மன்னியும். என் தவறைச் சத்துருவின்மேல் போட்ட வாயை மன்னியும். தினந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாய், சரிவு மாறாமல் உம்முடைய கரத்தில் என்னைத் தீட்டும். என் பாரம் ஒருவர்மேலும் வழுக்கி விழாதிருக்கட்டும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறேன், நல்ல பிதாவே. ஆமென்.